சகலையின் மாத்திரை

என் தம்பி நகரப் பேருந்து ஓட்டுகிறான். இத்தனை வருடத்தில் எந்த வண்டியிலும் அவன் கையால் ஒரு கீறல் விழுந்ததில்லை. அக்கா என்பதால் சொல்லவில்லை; பணிமனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே பணிமனையில்தான் அவன் சகலையும் ஓட்டுகிறார். தம்பி மனைவியின் தங்கையைக் கட்டியவர். வாய் கொஞ்சம் நீளம். அவர் வீட்டில் புது மின்விசிறி சுழன்றால் தம்பிக்கு இங்கே வியர்க்கும்.

இருவருக்கும் ரத்த அழுத்தம் உண்டு. இருவரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். வருடாந்தரப் பரிசோதனையில் இரண்டு பேருக்குமே அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. அதுவரை சமாதானம். பிறகு டாக்டரம்மா கண்ணுக்குள் படம் எடுத்தார். உடம்பின் சின்னஞ்சிறு ரத்தக் குழாய்களை அறுக்காமல் நேராகப் பார்க்க அதுதான் நல்ல இடமாம். சகலையின் படத்தில் குழாய்கள் அகலமாக ஓடின. தம்பியுடையதில் நூலாக மெலிந்திருந்தன.

"குழாய்ச் சுவர் தடிச்சு, உள்வழி கொஞ்சம் குறுகியிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. அடுத்த வாரம் வாங்க, பேசலாம்," என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் சகலை ஆரம்பித்தார். "என்ன சகலை, எனக்கு நாலு வழிச் சாலை, உங்களுக்கு ஒத்தையடிப் பாதையா?"

வீட்டுக்கு வந்த தம்பியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் தையல் இயந்திரத்தை நிறுத்தினேன்.

"அழுத்தம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்க்கா. அவனுக்கு மட்டும் எப்படி? எல்லாம் மாத்திரைதான். அவனுக்கு நல்லதாக் குடுத்திருக்காங்க."

"அடுத்த வாரம் போய்க் கேளேன்டா."

"கேட்டா, அவன் மாத்திரையப் பாத்து நான் ஏங்கினதா ஆயிடும்."

போகவுமில்லை, கேட்கவுமில்லை. சகலை வீட்டுக் குப்பைக்கூடையில் கிடந்த காலி மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். மருந்துக் கடையில் அதை நீட்டி அதே மாத்திரையை வாங்கினான். தன்னுடையதை அன்றோடு நிறுத்திவிட்டான். எனக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை.

சில நாளில், கூட்டம் நிறைந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு தறிகெட்டு அடித்தது. வண்டியை ஓரங்கட்டி, கை பிரேக் போட்டு, எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகுதான் படியில் உட்கார்ந்திருக்கிறான். என் தம்பி அப்படி.

டாக்டரம்மாவிடம் நானும் போனேன். விஷயத்தைக் கக்கினான்.

"உங்க பழைய மாத்திரை அழுத்தத்துக்கு மட்டுமில்ல. முன்னால படபடப்புன்னு வந்தீங்களே, அதுக்கும் சேர்த்துத்தான். அதைப் படக்குன்னு நிறுத்தினா இதயம் அவுத்துவிட்ட கன்னுக்குட்டியாட்டம் ஓடும்."

"அப்ப அவரோட மாத்திரை ஒசத்தி இல்லையா?" அந்த நிலையிலும் அதைத்தான் கேட்டான்.

"அழுத்தத்தை ரெண்டும் இறக்கும். சின்னக் குழாயோட தடிப்பைக் குறைக்கறதுல அந்த வகை கொஞ்சம் மேல். அதை உங்களுக்கும் சேர்த்துத் தரலாம்னுதான் வரச் சொன்னேன்."

தம்பி சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இதயத் துடிப்பு சீராகி நான் கையெழுத்துப் போடற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது."

பணிமனையில் சாவி கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். அவன் வண்டி சகலைக்குப் போயிற்று. தினமும் காலையில் தன் வண்டிச் சாவியைத் தன் கையாலேயே எடுத்து அவரிடம் நீட்ட வேண்டும். "இதயம் நின்னிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காதுக்கா," என்றான். வாயிலேயே போட்டேன். இரண்டு மாத்திரையையும் ஒழுங்காக விழுங்கினான். படபடப்பு அடங்கியது, வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

கையெழுத்துக் கிடைத்த மறுநாள் நானும் பணிமனைக்குப் போய் நின்றேன். சகலை குட்டை, ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்து வைத்திருந்தார். தம்பி அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஏறி, அதைக் கடகடவென்று பின்னுக்குத் தள்ளினான். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினான்.

"மெதுவா சகலை, மறுபடி படபடக்கப்போகுது," என்றார் அவர் கீழே நின்றபடி.

தம்பி ஹாரனை ஒருமுறை அழுத்திப் பார்த்தான். அது கரகரவென்று முனகியது.

"அப்படி யாருக்குத்தான் அடிச்சீங்க, இது தொண்டை கட்டிப்போற அளவுக்கு?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.