அக்காவின் பிரெஞ்சும் சொந்தங்கள் கேட்ட கேள்விகளும்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, பந்திக்குக் கூப்பிடும்வரை கையில் கொடுத்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் சொந்தபந்தங்கள் அனைவருக்கும் வணக்கம். அவசரப்பட வேண்டாம். இலை போடச் சற்று நேரமாகும். சமையல்காரரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தப் பக்கங்களை நீங்கள் முழுக்கப் படித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்பது தங்கையான என் ஆசை.

இறந்தவரை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடியதாக எழுதுவதுதான் இத்தகைய மலர்களில் வழக்கம். உங்களில் பலர் அக்கா மீது உயிரையே வைத்திருந்தீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அக்காவின் பெயரைச் சந்தி சிரிக்க வைத்தவர்களும் இதே மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பிரதி போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறேன்.

அக்கா தாராபுரத்தில் பிறந்தார். அப்பா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்பா மாரடைப்பில் போன பிறகு, அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் வந்தார். அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, திருப்பூரில் பனியன் கம்பெனி தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் வீட்டில் உப்பு வாங்குவதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவோம். அக்கா பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதும் அவர்தான் சொன்னார்.

“தமிழு எடுத்தா மார்க் வராது அம்மணி. பிரெஞ்சு எடுத்துப்போடு. என்ற சிநேகிதர் பையன் அதுலதான் அள்ளிக் கட்டுனான்.”

இதைச் சொன்னவர் மாமா என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

மார்க்குக்காகத் தொடங்கிய பிரெஞ்சு அக்காவைப் பிடித்துக்கொண்டது. கல்லூரியிலும் அதையே படித்தார். கோயமுத்தூரில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியையாகச் சேர்ந்தார். அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்பீர்கள். ஒரே கேள்வியை நூறு பேர் கேட்டாலும் அக்கா முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

“பிரெஞ்சுன்னா பாண்டிச்சேரியில பேசறதுதானுங்களே?” என்பீர்கள். பாண்டிச்சேரியில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள், சில குடும்பங்களில் மட்டும் பிரெஞ்சும் உண்டு என்பார் அக்கா. பிரான்சில் மட்டுமில்லை, பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, கனடாவில் ஒரு பகுதி, ஆப்பிரிக்காவில் எத்தனையோ நாடுகள் என்று அடுக்குவார். கேட்டவர் அதற்குள் ஐஸ்கிரீம் வாங்கப் போயிருப்பார்.

“எழுதற எழுத்துல பாதியை வாய்விட்டுச் சொல்லவே மாட்டாங்களாமே, அப்புறம் எதுக்குங்க எழுதணும்?” என்று ஒரு சித்தப்பா கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே, “கல்யாணப் பத்திரிகையில பேரு போட்ட பெரியவங்க எல்லாருமா, சித்தப்பா, கல்யாணத்துல வாயத் தொறக்கறாங்க? மரியாதைக்குப் போடறதுங்க” என்றார். சித்தப்பா அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் நல்லவர்.

“பிரெஞ்சுக்காரங்களுக்கு ரொம்பத் திமிராமே? இங்கிலீசுல கேட்டா மூஞ்சியத் திருப்பிக்குவாங்களாமே?” இதுவும் தவறாமல் வரும். அதற்கு அக்கா சொன்ன பதிலைத்தான் நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும்.

“அங்க ஒரு கடைக்குள்ள நுழைஞ்சா மொதல்ல வணக்கம் சொல்லோணுமுங்க. சொல்லாம வெலை கேட்டா மூஞ்சியத் திருப்புவாங்க. நாம ஒரு ஊட்டுக்குப் போயி அவங்க ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை கேக்காட்டி, மறுபடி அந்தப் படி ஏறுவமுங்களா? அவங்களும் நம்மளாட்டத்தானுங்க.”

எல்லாக் கேள்விக்கும் பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்பீர்கள். “அவங்க பார்த்தவொடனே முத்தங் குடுத்துக்குவாங்களாமே, நெசமுங்களா?” அந்தக் கேள்வியில்தான் அக்காவின் வாழ்க்கை போனது.

தொண்ணூறுகள் பிறந்த சமயம். திருப்பூர் பனியன் கப்பலேறிக் கொண்டிருந்தது. பிரான்சிலிருந்து குழந்தைகள் துணி வாங்க ஓர் அம்மாள் மாமா கம்பெனிக்கு வருவதாக இருந்தது. அவருக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும், மாமாவுக்கு அதுவும் வராது. மாமா எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். “ஒரு எட்டு வந்துட்டுப் போ கண்ணு. மாமன் மானம் உன்ற கையில இருக்குது” என்றார். அக்கா பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனார். நானும் துணைக்குப் போனேன்.

வந்தவருக்குத் தலை முழுக்க நரை. எங்கள் அம்மாவைவிட மூத்தவர். அக்காவை முதல் வார்த்தையிலிருந்தே ‘நீங்கள்’ என்றுதான் பேசினார். பிரெஞ்சிலும் நீ, நீங்க இரண்டும் உண்டு. மாமா அக்காவை ‘ஏ புள்ள’ என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

சரக்கு எப்போது கிடைக்கும் என்று அந்த அம்மாள் கேட்டார். மாமாவிடம் நூலே வந்து சேரவில்லை. அவர் அசராமல், “பொங்கலுக்கு முன்னால ஏத்திப்போடலாம்னு சொல்லு. வெள்ளைக்காரிக்கு என்ன தெரியப்போவுது, தலையத் தலைய ஆட்டுவா” என்றார்.

“எல்லாத்தையும் சொல்லட்டுங்களா மாமா?” என்று அக்கா கேட்டார்.

“அதுக்குத்தானே உன்னையக் கூட்டிட்டு வந்தது, எல்லாத்தையும் சொல்லு!”

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். நூல் வராததை மட்டுமல்ல, தலையாட்டுவதையும் சேர்த்து. அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, நூல் வந்த பின் தேதி சொல்லுங்கள், இந்தப் பெண் பேசும்வரை உங்களிடமே வாங்குகிறேன் என்று சொல்லி ஆர்டரும் கொடுத்தார். “என்னத்தைடி சொன்னே?” என்று மாமா பல்லைக் கடித்தார். “நீங்க சொன்னதைத்தானுங்க மாமா” என்றார் அக்கா. மாமா முகம் சுண்டிப்போனது.

கிளம்பும்போது கம்பெனி வாசலில் அந்த அம்மாள் அக்காவின் இரு கன்னத்திலும் கன்னம் வைத்து முத்தமிட்டார். அவர்கள் ஊரில் நெருங்கியவர்களிடம் விடைபெறும் வழக்கம் அது. தையல் மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மாமா பக்கத்திலேயே நின்றார். நானும் நின்றேன்.

அந்தச் செய்தி திருப்பூரில் கிளம்பும்போது வயதான அம்மாளாகத்தான் கிளம்பியது. பல்லடம் தாண்டும்போது வெள்ளைக்காரியானது. பொள்ளாச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாளுக்கு மீசை முளைத்துவிட்டது! பொள்ளாச்சியில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்ற நாளும் குறித்தாகிவிட்டது. அக்கா சேலைகூட எடுத்து வைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா மாமாவைத் தேடிக் கம்பெனிக்கு வந்த அன்று, விடுமுறைக்குத் திருப்பூர் போயிருந்த நான், மாமாவுக்கு அத்தை கொடுத்த டிபன் கேரியரோடு வெளியறையில் நின்றுகொண்டிருந்தேன். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் பேசியது அத்தனையும் கேட்டது.

“ஏனுங்க, உங்க அக்கா புள்ளைய எவனோ வெள்ளைக்காரன் வாசல்ல வெச்சு முத்தங் குடுத்தானாமுங்க. நீங்க கூடவே இருந்தீங்கன்னு சொல்றாங்க. நெசமுங்களா?”

“இல்லை, அது ஒரு கிழவி” என்று சொன்னால் போதும். நாக்கு ஒன்றும் தேய்ந்துவிடாது. மாமா சொன்னது இது.

“அந்தப் பாசை படிச்ச புள்ளைங்க அப்படித்தானுங்க. நான் என்னத்தைங்க சொல்றது?”

நான் கேரியரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். “ஆம்பளை இல்லீங்க, வயசான அம்மாங்க! நான் பக்கத்துல நின்னு பார்த்தனுங்க!” என்று கத்தினேன். “பெரியவங்க பேசையில பொட்டப்புள்ளைக்கு இங்கென்ன வேலை? ஊட்டுக்குப் போ!” என்றார் மாமா. வந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணம் நின்றது. அதன் பிறகு வந்த வரன்களெல்லாம் அதே பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பின. மாமா மட்டும் அந்த அம்மாள் கொடுத்த ஆர்டரில் கம்பெனிக்கு மாடி கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் எல்லோரும் போய்ச் சாப்பிட்டீர்கள்.

அக்கா பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார் என்று இங்கே சிலர் பேசிக்கொள்கிறீர்கள். மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து மாமா எங்கள் வீட்டுக்கு எத்தனை முறை வந்தாலும் அக்கா எழுந்து நிற்பார், தண்ணீர் கொடுப்பார், ‘வாங்க’ என்று மட்டும் சொல்லமாட்டார். மாமா வாசலில் நின்று செருமிப் பார்ப்பார். அக்கா கண்ணெடுத்துப் பார்த்துவிட்டு மாணவர் நோட்டைத் திருத்திக்கொண்டிருப்பார். மாமாவுக்கு அது உறைத்தது. உறைக்கட்டும் என்றுதான் அக்கா செய்தார்.

பிரெஞ்சுக்கார அம்மாள் மாமாவிடம் வாங்குவதைச் சில வருடங்களில் நிறுத்திவிட்டார். ஆனால் இந்தியா வரும்போதெல்லாம் கோயமுத்தூர் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் போவார். தன் முத்தம் என்ன செய்தது என்பது அப்போது அவருக்குத் தெரியாது. அக்கா சொல்லவே இல்லை.

சிறுநீரகம் கைவிட்டு அக்கா மருத்துவமனையில் கிடந்த கடைசி நாட்களில் மாமா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். கட்டிலருகே குனிந்து, “அம்மணி, மாமன் வந்திருக்கறன்” என்றார். அக்கா என் பக்கம் திரும்பி பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எனக்கு அந்த மொழியைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

“என்ன சொல்லுது?” என்றார் மாமா.

“உங்களை யாரு கூப்புட்டதுன்னு கேக்கறாங்க மாமா” என்றேன்.

“காய்ச்சல்ல பெனாத்துது, பாவம்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று அக்காவுக்குக் காய்ச்சலே இல்லை. இரண்டொரு நாளில் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், மாறி மாறி ரத்தம் கொடுத்த மாணவ மாணவிகளுக்கும், சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், அக்காவின் பதிலைச் சொல்லிச் சிரித்த சித்தப்பாவுக்கும் அம்மாவும் நானும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். மாமாவுக்கும் நன்றி உண்டு. அக்காவை பிரெஞ்சு வகுப்பில் சேர்த்தவர் அவர்தானே!

இனி, தலையை நிமிர்த்தி முதல் வரிசையைப் பாருங்கள். மாமா பக்கத்தில் வெளிர்நீலச் சேலையில், நரைத்த தலையோடு உட்கார்ந்திருப்பவர்தான் அந்த ‘வெள்ளைக்காரன்’. சேலை அக்காவுடையது. நிச்சயத்துக்கு எடுத்தது. போன மாதம் தொலைபேசியில் நடந்ததை எல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன். நினைவு நாள் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, “அந்த மனிதருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடு” என்றார்.

சற்று நேரத்தில் அவர் எழுந்து வந்து, அக்கா படத்தின் முன்னால், உங்கள் எல்லோர் கண்ணெதிரிலும், என் இரு கன்னத்திலும் முத்தமிடுவார். பொள்ளாச்சியிலிருந்து வந்தவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் அவர் மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறார், அன்று மாப்பிள்ளையின் அப்பா கேட்ட அதே கேள்விதான். மைக் இருக்கிறது. மாமா தமிழிலேயே தாராளமாகப் பதில் சொல்லலாம். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன், ஒரு வார்த்தைகூட விடமாட்டேன்.