சும்மா அடித்த சாவுத் தப்பு

ஜாஸ் என்ற பேரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த இசைமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதைக் கேட்க வந்து உட்காருகிற ஆட்கள் மேல்தான். நல்ல உடுப்பு உடுத்தி, கையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, இது அசலா போலியா என்று பஞ்சாயத்துப் பண்ணுகிற அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்ப வேண்டும் போலத்தான் இருக்கிறது.

என் தம்பி ட்ரம்பட் ஊதுவான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். அவன் பதுளையில் படித்தபோது பள்ளிக்கூட பேண்டில் ஓரம் நசுங்கின ட்ரம்பட் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவனை விடவே இல்லை. தேயிலைக்குள் போய் நின்று ஊதுவான். மலை முழுக்கக் கேட்கும். "உன் தம்பிக்கு வேற வேலை இல்லையாடி?" என்று கொழுந்து பறிக்கிற பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். பிறகு கொழும்புக்குப் போனான். பகலில் கடையில் நின்று, மாலையில் கல்யாண வீடுகளில் ஊதி, கடைசியில் ஒரு பிக் பேண்டில் தொற்றிக்கொண்டான். சாக்ஸபோன் ஒரு வரிசை, ட்ராம்போன் ஒரு வரிசை, ட்ரம்பட் ஒரு வரிசை என்று கறுப்புக் கோட்டுப் போட்டு உட்கார்ந்து வாசிக்கிற பெரிய கூட்டம் அது.

எங்கள் அப்பா தப்பு மேளம் அடிக்கிறவர். எந்த லயத்தில் இழவு விழுந்தாலும் அவருக்குத்தான் முதல் ஆள் வரும். எங்கள் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காதவர்கள்கூட அன்றைக்கு வாசலில் வந்து நிற்பார்கள். உள்ளே மட்டும் வர மாட்டார்கள். அடித்து முடித்தால் அப்பாவுக்குச் சாப்பாடு பின்பக்கத்தில், தனியாக. நான் பார்த்திருக்கிறேன், மறக்கவும் மாட்டேன். தம்பி ட்ரம்பட்டைப் பிடித்த அன்றைக்கு அவர் தப்பைத் தூக்கிப் பரணில் போட்டார். "இது என்னோட போகட்டும். அவன் நிமுந்து நின்னு ஊதட்டும்" என்றார். தம்பியை ஒரு நாளும் அதைத் தொட விட்டதில்லை.

தப்பில் கல்யாணத்துக்கு ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. முதல் இரண்டையும் சும்மாகூட அடித்துப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாவு அடியைச் சும்மா அடிக்கக் கூடாது. அது கேட்டால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். போட்டது போட்டபடி சனம் ஓடி வரும். எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் எங்கள் பக்கத்தில் அது மாறவில்லை.

அந்தப் பேண்டில் தம்பி நிரந்தரமான ஆள் இல்லை. ட்ரம்பட் வாசித்த ஒருவர் வெளிநாடு போனதால் காலியான நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் போன் எடுத்தான். குரலே வேறு மாதிரி இருந்தது. "அக்கா, நம்ம தோட்டத்து கிளப்புல கச்சேரி. அதுல நல்லா ஊதிட்டேன்னா அந்த நாற்காலி எனக்குத்தான்னு மாஸ்டர் சொல்லிட்டாரு." மாஸ்டர் என்றால் பேண்டை நடத்துகிறவர். கிளப் என்றால் எங்கள் லயத்துக்கு நேர் மேலே, மலை உச்சியில் இருக்கிற வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். இப்போது ஹோட்டலாக்கி இருக்கிறார்கள். அந்தப் புல்தரைக்கு எங்கள் சனம் போனதெல்லாம் புல் பிடுங்கத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகல், புல்தரையில் கச்சேரி. அப்பாவுக்கு இழுப்பு அதிகமாகி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். மலை ஏற முடியாது. "கதவச் சாத்தாத. இங்கேர்ந்தே கேக்குறேன்" என்றார். நான் பதுளையில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் கையால் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

தம்பி எழுந்து தனியாக ஊதினான். என்ன சொல்வேன்! எனக்கு அந்த இசையின் இலக்கணம் தெரியாது. அவன்தான் ஒரு தடவை சொல்லித் தந்திருந்தான், தாளத்துக்கு ஒரு பொட்டு பின்னால் விழ வேண்டும் என்று. பசறை பஸ்ஸில் வளைவில் நிற்கிறவன் விழுகிற மாதிரி போய் விழாமல் நிற்பான் இல்லையா, அப்படி. அன்றைக்கு அவன் ஊதினது அப்படியே இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இதை அப்பா கீழே கேட்டுக்கொண்டு இருப்பார் என்று நினைக்க நினைக்கச் சந்தோஷம் தாங்கவில்லை.

இடைவேளை விட்டார்கள். எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் வெள்ளைத் தாடிக்காரர். ஒருவர் பழைய துரைமார் மாதிரிக் கோட்டுப் போட்ட கிழவர். மற்றது கைத்தறிச் சேலை உடுத்தின அம்மா ஒருவர். இந்தக் கச்சேரிக்கு ஆதரவு கொடுக்கிறவர்களே அவர்கள்தானாம். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். எனக்கு ஆங்கிலம் பேச வராது, கேட்டால் புரியும்.

"அந்த ட்ரம்பட் பையன் சுத்தமா வாசிச்சான். ஆனா அது பழைய ரெக்கார்டுல இருக்கிறது. காப்பி. ஜாஸ்னா அந்த நிமிஷத்துல பிறக்கணும்" என்றார் தாடி.

"காப்பியே சரியில்லை. அந்தக் காலத்து பேண்ட்ல யாரும் கடைசி சுரத்தை அப்படி நடுங்க விட மாட்டாங்க. ஸ்டைல் தப்பு" என்றார் கோட்டு.

ஒருவருக்குக் காப்பி அடித்தது குற்றம், மற்றவருக்குக் காப்பி அடிக்காதது குற்றம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். என் தம்பி எதை உடைத்தாலும் பொன்சட்டிதான் இவர்களுக்கு. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எங்கே என் வாயால் அவன் பிழைப்புக் கெட்டுவிடுமோ என்று பயம்.

அப்போது சேலைக்கார அம்மா கண்ணை அகல விரித்துக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பையன் இந்தத் தோட்டத்து லயத்துலதான் பிறந்தானாம்! கேட்ல தப்படிச்சு வரவேற்றாங்களே, அவங்க சொன்னாங்க. அவன் அப்பா பெரிய தப்புக்காரராம். ரத்தத்துல அதை வச்சுக்கிட்டு எதுக்கு அமெரிக்காக்காரன் மாதிரி ஊதணும்? அதுதானே அவனோட அசல்!"

உடனே மற்ற இரண்டு பேருக்கும் சண்டை தீர்ந்து போயிற்று. ஆமாம் ஆமாம், அதுதான் அசல். மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். வரவேற்புக்கு வந்த தப்புக்காரர்களையும் புல்தரைக்குக் கூப்பிட்டார்கள். அவர்களில் மூத்தவர் எங்களுக்கு மாமன் முறை. திருவிழா அடி ஒன்று அடிக்கிறேன் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா கேட்கவில்லை. "அது வேணாம். சாவுக்கு அடிப்பீங்களே, அந்த மெதுவான அடி. அதுதான் உங்க ஆத்மா."

"அது சும்மா அடிக்கிறதில்லைங்க மேடம். எழவுக்கு மட்டுந்தாங்க" என்றார் மாமா. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற மாதிரி, எங்கள் வீட்டுச் சாவைத் தூக்கி அவள் பந்தி வைக்கப் பார்த்தாள்.

"சரி, அவர் வேணாம். இவனே அடிக்கட்டும்" என்று தாடிக்காரர் தம்பியைக் காட்டினார்.

தம்பி மாட்டேன் என்று தலையை ஆட்டினான். "எனக்குத் தெரியாது சார். நான் தொட்டதே இல்ல." மாஸ்டர் அவனை இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார், நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே. "ரெண்டு நிமிஷம் அடிச்சுட்டுப் போயேன்பா. இவங்க மனசு கோணினா பேண்டே நடக்காது. நாற்காலி வேணுமா வேணாமா, நீயே சொல்லு" என்றார். நான் எழுந்து, "டேய், வேணாம்டா! அப்பா கீழ இருக்காருடா!" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமாவின் தோளில் இருந்த தப்பை வாங்கி மாட்டிக்கொண்டான்.

தொட்டதே இல்லை என்று சொன்னது உண்மைதான். ஆனால் லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கு அந்த அடி தெரியாது? அவன் கை அதை அப்பழுக்கில்லாமல் அடித்தது. பின்னால் பேண்டுக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். சாக்ஸபோன்கள் முனகின. சேலைக்கார அம்மா கண்ணை மூடிக்கொண்டு இடுப்பை ஆட்டினாள். சீ! ஒரு பிணம் கிடக்க வேண்டிய இடத்தில் இவள் ஆடுகிறாள். "இதுதான்யா அசல்" என்றார் தாடி. "அசல்தான், ஆனா ஜாஸ் ஆகுமா?" என்றார் கோட்டு. அதற்கு வேறு ஒரு வாக்குவாதம் ஆரம்பமாயிற்று.

அந்த வாக்குவாதம் முடிவதற்குள் கீழே தேயிலைக்குள் இருந்து ஒப்பாரிச் சத்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, சனம் எல்லாம் வீட்டில். சாவு அடி கேட்கிறது, அதுவும் கிளப்பில் இருந்து. கிளப்பில் நம் ஆள் என்று யார் இருக்கிறார்கள்? தப்படிக்கப் போனவர்களை விட்டால் நானும் தம்பியும்தான். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மார்பில் அடித்துக்கொண்டு எங்கள் லயத்துப் பெண்கள் வேலியைத் தாண்டி புல்தரைக்குள் வந்தார்கள். "ஏ ராசா, குழலு ஊதப் போன ராசா..." என்று தம்பியைச் சொல்லித்தான் அழுதார்கள்.

கூட்டம் கைதட்டியது.

ஆமாம், கைதட்டியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். "என்ன ஏற்பாடு, பாருங்க!" என்று ஒருவர் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாஸ்டரும் சிரித்தார். அந்த மனுஷன் சிரித்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பெண்களுக்குப் பின்னால் அப்பா வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். காலில் செருப்பு இல்லை. கம்பளி பாதி தரையில் இழுபட்டது. மூச்சு விசில் மாதிரி இழுத்தது. நேராகப் போய்த் தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். தோளைத் தொட்டார், நெஞ்சைத் தொட்டார். உயிரோடு இருக்கிறான் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் அவன் தோளில் தொங்கினதைப் பார்த்தார்.

"யாருடா செத்தா?" என்றார்.

"யாரும் சாகலப்பா. சும்மா அடிச்சேன்."

"சும்மாவா?" என்று கேட்டுவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கிருந்த எல்லார் முகத்திலும் உமிழ்ந்திருக்க வேண்டும். நான் அப்பாவுக்குத் தண்ணீர் தேடி ஓடினேன்.

திரும்பி வந்தபோது மாஸ்டர் அப்பாவிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். "பெரியவரே, உங்க மகனுக்கு எங்க பேண்ட்ல இடம் உறுதி." அப்பா உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "புள்ளையப் பாத்துக்குங்கய்யா. நல்லா ஊதுவான்." மாஸ்டர் நிமிர்ந்து தம்பியின் காதுப் பக்கம் சொன்னது எனக்குக் கேட்டது. "ட்ரம்பட்டுக்கு கொழும்புல ஒரு பையன் இருக்கான். நீ இதையே அடி. இதத்தான் இனி எல்லாரும் கேப்பாங்க."

மாட்டேன் என்று சொல்வான் என்று நின்றேன். சொல்லவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பவும் கடையில் நிற்கவா அவன் அவ்வளவு பாடுபட்டான்? குறை எல்லாம் அந்த மூன்று பேர் மேல். பிள்ளை நிமிர்ந்து நிற்க ஒரு தகப்பன் எதைத் தூக்கிப் பரணில் போட்டானோ, அதைத் தேடி எடுத்து, தூசி தட்டி, "இதுதான் உன் அசல்" என்று கழுத்தில் மாட்டி விட்டார்களே பாவிகள்.

இப்போது அவன் அனுப்புகிற படங்களில் மற்ற எல்லாரும் கறுப்புக் கோட்டுப் போட்டிருக்கிறார்கள். என் தம்பி மட்டும் வெற்று மார்போடு, இடுப்பில் சிவப்புத் துணி கட்டி, தப்போடு நிற்கிறான். அப்படித்தான் நிற்கச் சொன்னார்களாம். அந்தப் படங்களை நான் அப்பாவுக்குக் காட்டுவதில்லை.

போன வாரம் போன் எடுத்தான்.

"அக்கா, மறுபடி நம்ம கிளப்புக்கு வர்றோம்."

"ம்."

"லயத்துல முன்னாடியே சொல்லி வச்சிரு அக்கா. சத்தம் கேட்டா யாரும் பயந்துகிட்டு வர வேணாம், அது கச்சேரின்னு."

"சொல்றேன்" என்றேன். "எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்றேன். அப்பாவுக்கு இப்ப எந்திரிக்கவே முடியல. நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆயிட்டா, எதை அடிச்சுடா நான் சனத்தைக் கூப்பிடுறது?"