வாத்தியார் தங்காத வீடு

லவ்டே ஹாக்கன் பள்ளி வாரியத்தில் போய் உட்கார்ந்தது அவள் ஆசைப்பட்டு நடந்த காரியம் இல்லை. தேர்தலில் நிற்க வேண்டியவன் அவள் புருஷன் சாக்கி. போர்த்மெரன் என்ற அந்த மீனவ ஊரின் மெதடிஸ்ட் சபைக்காரர்கள் கூடிப் பேசி, தங்கள் ஆளாக அவனைத்தான் நிறுத்துவதென்று முடிவு செய்திருந்தார்கள். பெயர் கொடுக்க நாலு நாள் இருக்கும்போது, மாவு மூட்டையைத் தோளில் ஏற்றியவன் அப்படியே சரிந்துவிட்டான். அடக்கம் முடிந்த மறுநாளே சபையிலிருந்து மூன்று பேர் ரொட்டிக்கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஹாக்கன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சும்மா. நீங்களும் ஹாக்கன்தானே. பொம்பளைங்களும் நிக்கலாம்னு சட்டத்துலயே இருக்காம். நீங்களே நில்லுங்க."

அழுது களைத்துப் போயிருந்த நேரம். அவர்களை வெளியே அனுப்பினால் போதும் என்று சரி சொல்லிவிட்டாள். வாரியத்துக்கு ஐந்து இடம். வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டு. ஐந்தையும் ஒரே ஆளுக்குப் போட்டாலும் செல்லும். சபைக்காரர்கள் ஒருவர் விடாமல் ஐந்தையும் அவளுக்கே போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் லவ்டே முதலிடம். பாதிரியார் செசல்டன் இரண்டாமிடம். இது 1883ஆம் வருஷத்து வசந்த காலத்தில் நடந்தது. அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கைகளும், எதையும் சுற்றி வளைக்காமல் பேசும் வாயும் அவளுடைய சொத்து.

கூட்டம் மாதம் ஒருமுறை, பிள்ளைகள் போன பிறகு பள்ளிக்கூடத்திலேயே நடக்கும். ஐந்து பேரும் குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் பாதிரியார். நல்ல மனிதர்தான், ஆனால் இந்தக் கதவைத் திறக்கலாமா என்று கேட்டால்கூட யோசித்துச் சொல்கிறேன் என்பார். அடுத்தவன் டிகோரி ரோஸ்வார்ன். சாளை பிடிக்கும் பெரிய வலைகளும், படகுகளும், மீனை உப்பில் அடுக்கும் கிடங்கும் அவனுடையவை. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவனால்தான் அடுப்பு எரிந்தது. லவ்டேயும் அவனும் ஒரே சந்தில் விளையாடி வளர்ந்தவர்கள். மற்ற இருவர், ஒரு பண்ணைக்காரரும் ஒரு துணிக்கடைக்காரரும், டிகோரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குவார்கள்.

முதல் கூட்டத்திலேயே அவள் கேட்டாள். "ரெண்டு வருஷத்துல ரெண்டு வாத்தியார் ஓடிட்டாங்களே, ஏன்?"

கடைசியாகப் போனவர் எழுதிய கடிதத்தை வாரியத்தின் எழுத்தர் எடுத்து நீட்டினார். பள்ளியை ஒட்டி வாத்தியாருக்கென்று கட்டிய வீட்டில் அடுப்பு மூட்டினால் புகை மேலே போவதில்லை, அறைக்குள்ளேயே இறங்குகிறது. கதவைத் திறந்து வைத்தால் கடல்காற்று விளக்கை அணைத்துவிடுகிறது. கைக்குழந்தை இருமி இருமி இளைத்துவிட்டது. ஆகவே போகிறேன், மன்னிக்கவும்.

"வெளியூர் ஆளுங்களுக்கு மூக்கு ரொம்ப மென்மை" என்றான் டிகோரி.

"அப்போ கொத்தனாரை அனுப்பிப் பாக்கலாமே."

"முதல்ல செலவு எவ்வளவு ஆகும்னு ஒரு மதிப்பீடு வாங்கணுமே அம்மா" என்றார் பாதிரியார்.

"சரி, வாங்குங்க."

"மதிப்பீடு போட அவர் வந்து பாக்கணும். வரச் சொல்றதா வேண்டாமான்னு அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணலாம்."

அடுத்த கூட்டத்துக்குப் பண்ணைக்காரர் வரவில்லை. எல்லாரும் இருக்கும்போது பேசலாம் என்றார்கள். அதற்கடுத்த மாதம் எல்லாரும் இருந்தார்கள், எழுத்தருக்குக் காய்ச்சல். நாலாவது மாதம் கொத்தனாரின் கடிதம் வந்தது, எந்த வீடு என்று கேட்டு. லவ்டே வீட்டுக்கு வந்து பிசைந்த மாவை மேசையில் அறைந்த சத்தத்தில் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

வாத்தியார் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது இன்னொரு கூத்து. சான்றிதழ் பெற்ற ஆணாக இருக்க வேண்டும், மணமானவராக இருக்க வேண்டும், மனைவி சம்பளமில்லாமல் தையல் சொல்லித் தர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசித்தால் நல்லது என்று பாதிரியார் எழுதி வைத்திருந்தார்.

"ஐயா, நமக்கு ஒரு வாத்தியார் வேணுமா, இல்ல ஒரு சம்பளத்துல நாலு ஆளு வேணுமா?"

"நல்லதுன்னுதானே போட்டிருக்கேன். கட்டாயம்னு போடலியே."

விண்ணப்பித்தது ஒரே ஒருவர். அவரும் பழைய வாத்தியாரிடம் விசாரித்திருப்பார் போல. உடல்நிலை இடம் தராது என்று மரியாதையாக எழுதிவிட்டார். பள்ளி பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் படகுத்துறையில் நண்டு பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். மூன்று மாதம் போன பிறகு பிளிமத்திலிருந்து மிஸ் ஹானர் பிக்கிள் என்ற பெண்ணின் விண்ணப்பம் வந்தது. இருபத்தாறு வயது, முதல் தரச் சான்றிதழ், மணமாகாதவள். ஆர்மோனியம் வாசிக்கத் தெரியாதாம். பாதிரியார் பெருமூச்சு விட்டார். டிகோரி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பொம்பளைன்னா ஆம்பளைக்குக் குடுக்குறதுல பாதி போதுமே!" எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அவ்வளவு வேகமாக அந்த வாரியம் எதையும் முடிவு செய்து லவ்டே பார்த்ததில்லை.

நவம்பரில் வந்த ஹானர் மூன்றே வாரத்தில் இருமத் தொடங்கினாள். கண் சிவந்து, துணியெல்லாம் புகைநாற்றம் அடிக்க வகுப்பில் நின்றவளைப் பார்த்துவிட்டு, லவ்டே அன்றைக்கே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ரொட்டி அடுப்புக்கு மேலேயிருந்த அறையில் வைத்தாள்.

"வாடகை எவ்வளவுன்னு சொல்லுங்க, மிஸஸ் ஹாக்கன்."

"வாய மூடிட்டுத் தூங்கு கண்ணு. அந்த அறை எப்பவும் சூடா இருக்கும். சும்மா கிடக்குற சூடு."

ஒரு வாரம் கழித்து, ஹானர் மறந்துவிட்ட புத்தகங்களை எடுக்க லவ்டே அந்த வீட்டுக்குப் போனாள். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே கூரை வரை உப்பு மூட்டை. அதன்மேல் ஈர வலை. நேரே கிடங்குக்குப் போனாள்.

"டிகோரி! வாத்தியார் வீட்டுல எதுக்குடா உன் உப்பு?"

"சும்மாதானே கிடக்கு லவ்டே."

"நீ புகைபோக்கியைச் சரி பண்ண விடாததாலதானே சும்மா கிடக்கு!"

"நான் எங்க வேணாம்னேன்? அது கூட்டத்துல இருக்குற விஷயம். கூட்டத்துல பேசு."

கூட்டத்தில் பேசினாள். உப்பு இருக்கும்போது கொத்தனார் எப்படி உள்ளே போவார், உப்பை எடுப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் ஹானர் தன் பாட்டில் பாடம் நடத்தினாள். எண்பத்துநாலு பிள்ளைகள், ஒரே அறை, துணைக்குப் பெரிய பெண் ஒருத்தி. வசந்தம் வருவதற்குள் மீனவர் பிள்ளைகள் எடைக்கணக்கைப் பார்க்காமலே சொன்னார்கள். ஆனால் கணக்கு எவ்வளவு வந்தாலும், வருஷத்துக்கு ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்து கேட்கும்போது வர வேண்டும். அன்றைக்கு எதிரே உட்கார்ந்து தேறுகிற பிள்ளைக்கு இவ்வளவு என்றுதான் பள்ளிக்கு அரசு மானியம். அந்த வருஷம் அவர் குறித்து அனுப்பிய நாள் ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை.

"ஆகஸ்ட் சாளைக்காலமாச்சே" என்றாள் லவ்டே. "மீன்கூட்டம் வந்துச்சுன்னா ஒரு பிள்ளை பெஞ்சுல இருக்காது. வேற தேதி கேளுங்க."

இன்ஸ்பெக்டருக்கு எழுதுவது மரியாதையாக இருக்குமா என்று பாதிரியார் யோசித்தார். கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: தேர்வு நாளில் எந்தப் பிள்ளையையும் எவரும் வேலைக்கு வைக்கக் கூடாது. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எழுத்தர் அதைப் பள்ளிக் கதவில் ஒட்டினார்.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டரின் குதிரைவண்டி வந்து நின்றது. பத்து மணிக்குக் குன்றின் மேலிருந்து, மீன்வரத்து பார்க்கும் காவலாளின் தகரக் கொம்பு ஒலித்தது. "ஹெவ்வா! ஹெவ்வா!" மீன் வந்தால் போடும் கூப்பாடு அது; விரிகுடாவுக்குள் சாளைக்கூட்டம் நுழைந்துவிட்டது, தண்ணீரே செம்பழுப்பாக நகர்ந்தது. தெருவில் ஆட்கள் ஓடினார்கள். லவ்டேயின் கடையில் குங்குமப்பூ பன்கள் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தன. படகுக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வரை வேறு எதையும் வாயில் போட முடியாது. அவள் கூடைகளை நிரப்பினாள். தலைவிரிகோலமாக ஓடி வந்த நாலு பெரிய பெண்பிள்ளைகளை வாசலில் மடக்கி, ஆளுக்கொரு கூடையைக் கையில் கொடுத்தாள்.

"ஓடுங்க, ஓடுங்க! சூடு ஆறுறதுக்குள்ள கரைக்குக் கொண்டு போங்க!"

நாலாவது கூடை சந்து திரும்பிய பிறகுதான் அவளுக்கு அன்று என்ன நாள் என்பது உறைத்தது.

மாவுக் கையோடு பள்ளிக்கு ஓடினாள். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். எட்டு பேர் ஜன்னல் எட்டாத பொடிசுகள், ஒருவன் கால் உடைந்து கட்டுப் போட்டவன். இன்ஸ்பெக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். கரும்பலகை ஓரத்தில் ஹானர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். லவ்டேயின் மாவுக் கையைப் பார்த்தாள்.

மானியம் அநேகமாக எல்லாமே போயிற்று. ஒழுங்கு போதாது என்று அறிக்கை வந்தது. செப்டம்பர் கூட்டத்தில் வாரியம் ஆசிரியையை வரவழைத்து விளக்கம் கேட்டது. அவர்கள் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் நின்றாள்.

"பிள்ளைங்கள அடக்கத் தெரியலன்னா வாத்தியாருன்னு எதுக்கு?" என்றான் டிகோரி.

"நான் கதவைச் சாத்தினேன், ஐயா. அவங்க ஜன்னல் வழியாப் போனாங்க." ஹானர் கையிலிருந்த பதிவேட்டைத் திறந்தாள். "யார் எங்க போனாங்கன்னு மறுநாள் ஒவ்வொருத்தரா விசாரிச்சு வருகைப் பதிவேட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"படிம்மா" என்றாள் லவ்டே.

"ரோஸ்வார்ன் கிடங்கு, முப்பத்தொண்ணு. ரோஸ்வார்ன் படகுகள், பன்னெண்டு. பாதிரியார் வீட்டுச் சமையலுக்கு மீன் தூக்க, ரெண்டு." பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கரையில வேடிக்கை பாத்தவங்க, இருபத்தாறு." பதிவேட்டை மூடினாள்.

"எண்பத்துநாலுல ஒன்பது போக எழுபத்தஞ்சு வரணுமே. இன்னும் நாலு பேரு?" என்றார் துணிக்கடைக்காரர். அந்த வாரியத்தில் அவர் தாமாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அது போதும், ஐயா."

"போதாது. படி" என்றாள் லவ்டே.

"மிஸஸ் ஹாக்கன்..."

"படின்னேன் கண்ணு."

"ஹாக்கன் ரொட்டிக்கடை. நாலு."

டிகோரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடி சக்கை! ஊருக்கெல்லாம் நியாயம் சொன்ன மகராசி!"

லவ்டேக்குக் காது மடல் வரை சுட்டது. "ஆமாடா. நானும்தான். கையெழுத்துப் போட்ட அதே கையால கூடையைத் தூக்கிக் குடுத்தேன். இந்தப் பொண்ணு என் வீட்டுலயே தங்கிச் சாப்பிடுது. ஒரு மாசமா இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை கேக்கல. நாமளே திருட்டுத்தனம் பண்ணிட்டு, அதைக் குத்தவாளி மாதிரி நிக்க வச்சிருக்கோம். முதல்ல உக்காரச் சொல்லுங்க!"

பாதிரியாரே எழுந்து பெஞ்சில் இடம் விட்டார்.

அதே மூச்சில் அவள் தீர்மானம் சொன்னாள். இனிமேல் கொம்பு ஊதினால் அன்றைக்குப் பள்ளி விடுமுறை, விட்ட நாட்களைக் குளிர்காலத்தில் நடத்திச் சரிக்கட்டுவது, தேர்வை மார்ச்சில் வைக்கச் சொல்லி எழுதுவது. டிகோரிதான் முதலில் கையைத் தூக்கினான். அவளுக்கு அதுவும் எரிச்சல். இத்தனை மாதத்தில் அவள் கொண்டுவந்ததில் நிறைவேறியது ஒன்று, அதுவும் டிகோரிக்கு வசதியானது!

"அடுத்தது புகைபோக்கி" என்றாள். எழுத்தர் பழக்கதோஷத்தில் 'அடுத்த கூட்டத்துக்கு' என்று எழுதத் தொடங்கியதைப் பார்த்ததும், எட்டிப் பேனாவைப் பிடுங்கினாள். மசி பாதிரியாரின் சட்டைக் கையில் தெறித்தது. "எழுதாதீங்க. நாளைக்குக் காலைல நானே பாத்துக்கறேன்."

மறுநாள் மீன் கிடங்குப் பெண்கள் எட்டுப் பேர் அவளோடு வந்தார்கள். உப்பு மூட்டைகளைச் சுமந்துபோய் டிகோரியின் வீட்டு வாசலிலேயே அடுக்கினார்கள். அவன் ஜன்னல் வழியாகக் கத்தினான். அவர்கள் பாடிக்கொண்டே வேலை பார்த்தார்கள். கொத்தனாருக்கு லவ்டே ஆள் அனுப்பவில்லை. மாதாமாதம் தன் அடுப்புப் புகைபோக்கியைச் சுத்தம் பண்ணுகிற ஜோரி யூரனையே ஏணியோடு கூட்டி வந்திருந்தாள். அவன் மேலேறி, கையை உள்ளே விட்டு, சிரித்தான்.

"காக்கா கூடும்மா!"

அந்த ஊர்ச் சிறு காக்கைகள் வருஷக்கணக்கில் சுள்ளி கொண்டுவந்து போட்டு, புகைபோக்கியைக் கழுத்து வரை அடைத்திருந்தன. ஜோரி வெளியே தள்ளிய குச்சி ஒரு வண்டி கொள்ளும். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. அடுப்பு மூட்டினார்கள், புகை நேராக மேலே போயிற்று.

லவ்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாத்தியார்கள், ஒரு கைக்குழந்தையின் இருமல், பதினேழு கூட்டம். எல்லாம் அரை நாள் வேலைக்கு. மதிப்பீடு கேட்டவர்கள் மேல் வந்த கோபம், ஜோரியை இத்தனை நாள் நினைத்துப் பார்க்காத தன்மேலும் வந்தது.

சாயங்காலம் ஹானரைக் கூட்டி வந்து காட்டினாள். "பாரு, புகையே இல்ல. உன் வீடு. இனிமே நிம்மதியா இரு."

ஹானர் குச்சிக் குவியலைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் ராஜினாமா எழுதி இன்னைக்குக் காலைல தபால்ல போட்டுட்டேன், மிஸஸ் ஹாக்கன். டெவன்போர்ட்டுல ஒரு இடம் தர்றோம்னு முன்னமே கேட்டிருந்தாங்க, சரின்னு எழுதிட்டேன்."

"அதான் புகை போயிடுச்சே!"

"புகைக்காகப் போறதா இருந்தா போன நவம்பர்லயே போயிருப்பேன். நேத்து என்னை நிக்க வச்சாங்களே, அதுக்காக. நீங்க உக்காரச் சொன்னீங்க. ஆனா சொல்ல வேண்டியிருந்துச்சே."

லவ்டே போய் அடுப்பை அணைத்தாள்.

நற்சான்றுக் கடிதத்தை அவளே எழுதினாள். எழுத்துப் பிழையை ஹானரே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாள். அடுத்த விளம்பரமும் லவ்டே எழுதியதுதான். அதில் ஆர்மோனியம் இல்லை. சைலஸ் யெல்லண்ட் என்பவர் வாத்தியாராக மனைவி பிள்ளைகளோடு வந்து பதினோரு வருஷம் அந்த வீட்டில் இருந்தார். அவருக்கு அடுப்பைப் பற்றிக் குறையில்லை. பள்ளியின் வடக்கு ஜன்னல் மூடவில்லை என்பதுதான் குறை.

லவ்டே இன்னும் இரண்டு தேர்தலில் நின்று ஜெயித்தாள். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும், இதுவே கடைசி என்று கடை வாசலில் நின்று ஊருக்குக் கேட்கச் சொல்வாள். ஒன்பது வருஷம் சொன்னாள். ஹானர் டெவன்போர்ட்டில் முந்நூறு பெண்பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியை ஆனாள். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவளிடமிருந்து கடிதம் வரும். லவ்டே உடனே பதில் எழுதுவாள். நலம் விசாரித்து நாலு வரி, மிச்சம் மூன்று பக்கமும் வாரியத்தைத் திட்டித்தான் இருக்கும். பிழைகளைச் சிவப்பு மசியில் வட்டமிட்டு ஹானர் திருப்பி அனுப்புவாள். லவ்டே அவற்றையெல்லாம் மாவு அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக வைத்திருந்தாள்.