பஸ்ஸை ஒட்டிப் போன வழக்கு

என் மகன் ஓட்டுவது வாடகைக் கார். முன்னால் போன பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவில் போதுமான இடைவெளி விடவில்லை என்று அபராதம் போட்டு, படத்தோடு முதலாளியின் போனுக்குச் செய்தி வந்தது. பணம் கட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவன் பேரில் ஏற்கெனவே ஒரு கேஸ் இருந்தது. இன்னொன்றும் சேர்ந்தால் லைசென்ஸை முடக்கிவிடுவார்களாம். அப்படி ஆனால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதனால் கோர்ட்டில் எதிர்த்துச் சொல்வதென்று முடிவானது. அன்று தஞ்சாவூரில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு, அவன் பக்கத்தில் முன் சீட்டில் வந்தவள் நான்தான். வேறு சாட்சி இல்லை. கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூசுகிறவள் நான்.

நடந்தது இதுதான். திருக்காட்டுப்பள்ளி போகிற வழியில் ரோட்டில் பாதியை நெல் அடைத்துக்கொண்டு கிடந்தது. ஈரமாகக் கொண்டுபோனால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; காயவைக்கத் தார் ரோட்டை விட்டால் வேறு களம் கிடையாது. மிச்சப் பாதியில் ஒரு பக்கத்து வண்டிகள் மொத்தமாகப் போன பிறகுதான் எதிர்ப்பக்கம் வரும். நெல் துழாவுகிறவர்களே கை காட்டி அனுப்புவார்கள். நடுவில் கொஞ்சம் இடம் விட்டாலும், வரிசை முடிந்துவிட்டதென்று எதிரே நிற்கிறவன் வண்டியை நுழைத்துவிடுவான். பிறகு யாரும் நகர முடியாது. அதனால் முன்வண்டியை ஒட்டிக்கொண்டேதான் எல்லோரும் போவோம். போலீஸ்காரர் எடுத்த படத்தில் பஸ்ஸின் பின்பக்கமும் எங்கள் காரின் மூக்கும் இருந்தன. நெல் இல்லை.

கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்தே இடுப்பு விட்டுப்போனது. ஒரு வாய்தா வீணாகி, அடுத்ததில்தான் கூப்பிட்டார்கள். நீதிபதி சின்ன வயதுப் பெண். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். முழுவதையும் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நீங்க சொல்றது புரியுதும்மா. ரோட்ட மறிச்சதும் தப்புதானே. அது யாரு நெல்லு? அவங்களையும் வரச்சொல்லி விசாரிச்சாத்தான் உங்க பையன் சொல்றது நிக்கும்."

எனக்குத் தெரியும். அன்று எங்களுக்குக் கை காட்டியவளே என் கொழுந்தன் மனைவிதான். புருஷன் போன பிறகு குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவள். வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் சோறுகூடத் தின்னாமல் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். நான் மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியாதுங்கம்மா," என்றான் அவனே. "அபராதத்தக் கட்டிடுறேங்க."

நான் தலை நிமிரவில்லை. நீதிபதி எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தான். "சித்திக்கிட்ட சொல்லிடாதம்மா. அது அழுதுகிட்டே கெடக்கும்," என்றான்.

லைசென்ஸை மூன்று மாதம் முடக்கினார்கள். காருக்கு வேறு டிரைவர் வந்தான். ஒருநாள் கொழுந்தன் மனைவி புது அரிசியோடு வந்தாள். வேலைவெட்டி இல்லாமல் கட்டிலில் படுத்திருந்தவனைப் பார்த்து, "இவன் ஏன்க்கா வேலைக்குப் போவல, ஒடம்பு வணங்கலயா?" என்று கேட்டாள்.

முதலாளி சரியில்லை என்று சொல்லி, அரிசியை வாங்கி உள்ளே வைத்தேன்.