பாடாமல் விட்ட நாலு வரி

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் கல்முனையில் பொழுது சாயும் முன்பே கடைகள் கதவைச் சாத்தத் தொடங்கிவிடும். அதனால் எங்கள் எதிர்ப்புப் பாட்டு நிகழ்ச்சியை ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மூன்று மணிக்கு வைத்தோம். இடம் நான் டியூஷன் படிப்பித்த டியூட்டரியின் ஓலைக் கொட்டில். மேடை இல்லை. வாங்குப் பலகைகளைச் சுற்றிப் போட்டு, வந்தவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்து, நடுவில் நின்று பாடுவதாகத் திட்டம். பாட்டுகளுக்கு இடையில் நான் நக்கலாகக் கதைக்க வேண்டும்.

நாங்கள் மூன்று பேர். பாட்டெழுதியது நான். பாடியவன் சின்ன வகுப்பிலிருந்தே என்னோடு திரிந்த கூட்டாளி. டோலக் அடித்தவன் பக்கத்துப் பாண்டிருப்புத் தமிழன், உயர்தர வகுப்பில் எங்களோடு படித்தவன். சைக்கிளில் வந்தால் கொஞ்ச நேரம்தான். ஆனால் அப்போது அவன் ஊரிலிருந்து எங்கள் முஸ்லிம் ஊருக்கு வர நெஞ்சில் துணிவு வேண்டும். அவன் வந்தான்.

கடைசிப் பாட்டை இரண்டு பகுதியாக எழுதியிருந்தேன். முதல் பகுதி, வயல் பார்க்கப் போய்ச் சுடப்பட்டு இறந்த என் மாமாவைப் பற்றியது. இரண்டாவது பகுதியான நாலு வரி, சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டுத் திரும்பி வராத டோலக்காரனின் அண்ணனைப் பற்றியது. ஒத்திகையில் முதன்முதலாக அதைக் கேட்டபோது அவன் அடிப்பதை நிறுத்திவிட்டு வெளியே போனான். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

"எங்கட ஊரிலயே இத வாய் திறந்து பாட ஆளில்ல மச்சான்."

பாட்டுக்காரன் அவன் தோளில் கை போட்டான். "நான் பாடுறன்டா. பயப்படாத."

நிகழ்ச்சியன்று கொட்டில் நிறைந்து, வேலியோரத்திலும் ஆட்கள் நின்றார்கள். முன் வாங்கில் ஊரில் சொல் எடுபடும் மூன்று பெரியவர்கள். அவர்களே வந்துவிட்டார்களே என்று எனக்குப் பெருமை. அடையாள அட்டையைப் பெண்சாதியைவிடப் பத்திரமாக வைத்திருக்கும் மனிதனைப் பற்றி நான் கதைத்தபோது அவர்களும் சிரித்தார்கள்.

கடைசிப் பாட்டு வந்தது. மாமாவின் பகுதியில் சிரிப்பெல்லாம் அடங்கியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டோலக் நடை மாறி, இரண்டாம் பகுதிக்கு மெதுவாக எடுத்துக் கொடுத்தது. பாட்டுக்காரன் முன் வாங்கைப் பார்த்தான். பிறகு மைக்கை என் கையில் தந்துவிட்டு, "இத்தோட முடிச்சிக்குவம்" என்றான்.

டோலக் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் கைதட்டத் தொடங்கிய பிறகுதான் நின்றது.

அந்த நாலு வரியும் எனக்கு மனப்பாடம். வாயில் வந்ததோ, "வந்த எல்லோருக்கும் நன்றி."

ஆட்கள் கலைந்ததும் பாட்டுக்காரனின் சட்டையைப் பிடித்தேன். "என்னடா செஞ்ச?"

"மூணு நாளைக்கு முந்தியே அந்தப் பெரியாக்கள் சொல்லிட்டாங்க மச்சான். தமிழனுக்காக அந்த நாலு வரியப் பாடினா டியூட்டரிய மூட வெப்பாங்களாம். உனக்காகத்தான் விட்ட நான்."

டோலக்கைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "மறுகா ஏன் இந்த மூணு நாளும் என்னோட இருந்து அதப் பாடிப் பாத்த நீ?"

பாட்டுக்காரன் வாங்குகளை அடுக்கத் தொடங்கினான். முந்தின நாள் கூடத் தொண்டை கிழிய அந்த வரிகளைப் பாடியவன் அவன்.

டோலக்காரன் என் பக்கம் திரும்பினான். "மைக் உன்ட கையிலதானே இருந்திச்சு?"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு கிழமை கழித்துப் பாண்டிருப்புக்குப் போனேன். அவன் அம்மா படலையைத் திறக்காமலே, "அவன் வீட்டில இல்ல மகன்" என்றார். அவனுடைய சைக்கிள் மாமரத்தில் சாய்ந்து நின்றது.

சில வருடங்களுக்குப் பிறகு, அந்த மூன்று பெரியவர்களில் ஒருவரை ஒரு கல்யாண வீட்டில் கண்டேன். மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். "எந்த நாலு வரி தம்பி? நாங்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லியே. உங்கட பாட்டு நல்லா இருந்திச்சு எண்டுதான் கதைச்சுக்கிட்டுப் போன நாங்க."

அவர் பொய் சொன்னாரா, என் கூட்டாளி பொய் சொன்னானா, இன்றுவரை தெரியாது. கூட்டாளி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். கண்டால் ஸலாம் சொல்வான். நானும் பதில் சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.