நான்காவது காலின் கீழ் கேட்ட சத்தம்

சூம்பிப்போன இடது காலோடு நாற்பது படி ஏறிப் போய் வேலை கேட்டான், வேலையோடுதான் இறங்கினான். பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம்கூட முழுதாக உட்காராதவன், கிரேன் தேர்வுக் கேள்விகளை வாயால் கேட்கச் சொல்லி இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினான். முப்பத்தோரு அங்குல வாசல் வழியாக முப்பது அங்குல இயந்திரத்தைச் சுவரில் ஒரு கீறல் விழாமல் கொண்டுபோனான். 'இவனா?' என்று முகம் சுளித்த முதலாளியே பிறகு, இடுக்கான வேலை வந்தால் 'அவனை அனுப்பு' என்றார். பதினொரு வருடத்தில் அவன் எதையும் கீழே போட்டதில்லை. ஒரு பூந்தொட்டியைக்கூட.

இதையெல்லாம் நாள், கிழமையோடு சொல்லக்கூடியவள் அவனுடைய அக்கா. எட்டாவது வரை படித்தவள். சின்ன கிரேன்களை வாடகைக்கு விடும் அதே நிறுவனத்தில் போன் எடுக்கும் வேலை அவளுக்கு. பெரிய கிரேன் நுழைய முடியாத சந்துக்கும் கூடத்துக்கும் போவது இந்தச் சின்னது. மடக்கிய நான்கு கால்களை உள்ளே போய் விரித்து ஊன்றிக்கொள்ளும். அதனால் அதற்குச் சிலந்தி என்று பெயர்.

வாடகைக்குக் கேட்பவர்களை அக்கா குடைந்து எடுப்பாள்.

"வாசல் எத்தனை அங்குலம்?"

"சாதாரண வாசல்தாங்க."

"சாதாரணம்னு டேப்புல ஒரு கோடு இல்லைங்க. அளந்துட்டுக் கூப்பிடுங்க."

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. அதில் ஓட்டுநர் கையெழுத்துப் போட வேண்டும். "கைநாட்டைப் பார்த்தா வாடகைக்கு எடுக்கிறவன் மிரண்டுடுவாம்மா. நீயே அவன் பேரைப் போட்டுடு," என்று முதலாளி முதல் வாரமே சொல்லிவிட்டார். தம்பியின் பெயர் ஐந்து எழுத்து. அக்கா அதை எழுதி, அடியில் ஒரு கோடு இழுப்பாள். பதினொரு வருடமாக அவனுடைய கையெழுத்து அவள் கையில்தான் இருந்தது.

சீட்டில் நான்காவது கேள்வி: கால் ஊன்றும் இடம் தட்டிப் பார்க்கப்பட்டதா? வண்டி கிளம்பும் முன்பே அக்கா அதற்கு எதிரே 'ஆம்' என்று எழுதிவிடுவாள். தம்பி தட்டாமல் இருக்கமாட்டான் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. மற்ற எல்லாவற்றிலும் எறும்பு ஊரும் இடத்தைக்கூட அளக்கிறவள், இந்த ஒன்றில் மட்டும் அளக்கவில்லை.

அன்றைக்கு வேலை ஒரு குடியிருப்பின் பின்முற்றத்தில். ஐந்நூறு கிலோ ஜெனரேட்டரைச் சுவர் தாண்டி இறக்க வேண்டும். தம்பி கடப்பாரையால் தரையைத் தட்டினான். மூன்று மூலையில் ணங்கென்றது. நான்காவதில் தொம்மென்றது.

"இங்க கீழ ஏதோ காலியா இருக்குதுங்க," என்றான்.

குடியிருப்பின் மேற்பார்வையாளர் சீட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "என்னய்யா விளையாடுறியா? தட்டிப் பார்த்தாச்சு, ஆம்னு நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்க. இப்ப வந்து காலிங்கிற?"

தம்பிக்கு அந்தத் தாளில் எதையும் படிக்கத் தெரியாது. ஆனால் அது அக்காவின் எழுத்து என்று அடையாளம் தெரியும். அக்கா கேட்டு விசாரிக்காமல் ஓர் எழுத்து எழுதமாட்டாள். அக்கா ஆம் என்றால் ஆம்தான். தடித்த பலகை ஒன்றைப் போட்டு நான்காவது காலை அதன்மேல் ஊன்றினான்.

அடியில் யாருக்கும் நினைவில்லாத பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. பாரம் தூக்கிய நிமிடம் அதன் மூடி உடைந்தது. சாய்ந்து வந்த ஜெனரேட்டருக்கும் சுவருக்கும் நடுவில், பாரத்தைக் கொக்கியில் மாட்டிவிடும் கொக்கிக்காரரின் கால் மாட்டிக்கொண்டது. பதினொரு வருடமாகத் தம்பியோடு ஒரே வண்டியில் போய், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த தம்பி அக்காவிடம் ஒன்றுதான் சொன்னான். "உன் எழுத்தைப் பார்த்தேங்க்கா. நீ கேட்டுத்தான் எழுதியிருப்பேன்னு நெனச்சிட்டேன்."

அவள் பழைய சீட்டுகளை எடுத்து, நான்காவது கேள்விக்கு எதிரே இருந்த 'ஆம்'களை எண்ண ஆரம்பித்தாள்.

மருத்துவமனையில் கொக்கிக்காரர்தான் முதலில் பேசினார். "இத்தனை நாளும் உன் நடையைக் கிண்டல் பண்ணிட்டிருந்தேன். இனிமே நீதான்டா எனக்கு வாத்தியார்." சிரித்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

விசாரணைக்கு வரச்சொல்லித் தாள் வந்தது.

"நான் போய் உண்மையைச் சொல்லிடுறேன்," என்றாள் அக்கா. "எழுதினது நான். ஆம்னு போட்டதும் நான்."

"சொல்லி? உன்னையும் வீட்டுக்கு அனுப்புவாங்க, கேஸும் போடுவாங்க. அவரு கால் திரும்ப முளைக்குமா? சத்தம் இந்தக் காதுலதான் கேட்டுச்சு. ஊனினது இந்தக் கைதான்."

"பேனாவே பிடிக்கத் தெரியாதேடா உனக்கு."

"உன் எழுத்து ஒண்ணு குடு. அது போதும்."

கால் ஊன்றும் இடத்தைக் குறிக்கும் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தான். பழைய சீட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, தன் பெயரைப் படம் வரைவதுபோல மூன்று பகல் வரைந்தான். அக்கா அந்தத் தரையை மிதிக்காமல் ஓரமாகப் போய்ச் சமைத்தாள்.

விசாரணை அறையில் அதிகாரி சீட்டைக் காட்டினார். அக்கா வாசலோரம் நின்றிருந்தாள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க. முன்கூட்டியே போட்டுடுவேன். பழக்கமாயிடுச்சு."

"உரிமத்துல கைரேகைதானே இருக்கு?"

"அப்புறம் கத்துக்கிட்டேங்க. அக்கா எழுத்தைப் பார்த்து."

"தட்டிப் பார்த்தீங்களா?"

"தட்டினேன். காலின்னு கேட்டுச்சு. கேட்டும் ஊனினேன்."

அதிகாரி சற்று நேரம் எழுதினார். உரிமம் ரத்தாகும், இனி எங்கேயும் கிரேன் ஓட்ட முடியாது என்றார். அக்கா ஓர் அடி எடுத்து வைத்து வாயைத் திறந்தாள். தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். பாரம் தொங்கும்போது யாராவது அடியில் வந்தால் பார்ப்பானே, அந்தப் பார்வை. அவள் நின்றுவிட்டாள்.

"சம்மதம்னா கீழ கையெழுத்துப் போடுங்க."

பேனாவைச் சுண்ணாம்புக்கட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்தான். ஐந்து எழுத்தும் ஒன்றுவிடாமல் விழுந்தன. கடைசியில் அடிக்கோடும் இழுத்தான். ஓர் எழுத்துக்கூட கோணவில்லை என்பதை அக்கா நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். பக்கத்தில் தேதி போட அவனுக்குத் தெரியாது. அதிகாரியே எழுதிக்கொண்டார்: 14.3.2019, வியாழக்கிழமை.