இருமவிடாமல் செய்தவள்

பேராதனை ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்குக் குடலில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். கலஹாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் பார்க்கப் போவேன். அந்த வார்டு நர்ஸை, மிஸி என்போம், எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. தையல் போட்ட வயிற்றில் தலையணையை அழுத்தி, "நல்லா இருமுங்க" என்பாள். அவர் வலியில் துடிப்பார். தோட்டத்து ஆள்தானே என்று வதைக்கிறாளோ? அவள் நகர்ந்ததும் அவர் காதோடு சொல்வேன்: "இருமாதீங்க, தையல் பிரிஞ்சிரும். அடக்கிக்கிங்க."

நாலாம் நாள் காய்ச்சல் கொதித்தது. காயத்தில் நீர் கசிந்தது. மிஸிதான் ஏதோ செய்துவிட்டாள் என்று டாக்டரிடமே சொன்னேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். "சளி தேங்கி நுரையீரல்ல கிருமி புடிச்சிருக்கு. எதிர்த்து நிக்கிற பலமெல்லாம் நெஞ்சுப் பக்கம் போயிருச்சு. வயித்துக் காயத்தை ஆத்த பலம் மிச்சமில்ல. இருமச் சொன்னோமே, ஏன் இருமல?"

என் வீட்டுக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். "வலிக்குதுன்னு நான்தான் இருமலங்க ஐயா" என்றார்.

மிஸி தலையணையை என் கையில் கொடுத்தாள். "இனி நீங்களே அழுத்திப் பிடிங்க. தையல் பிரியாது."

நான் காதோடு சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்குமோ? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காயம் மெதுவாகத்தான் ஆறியது. அவர் இருமினால் இன்றும் என் கை தலையணையைத் தேடுகிறது.